இதைவிடப் பாரமானது இருக்கிறதா?

1

கிண்ணியாவிலிருந்து போன வருடம் வந்து சேர்ந்த நசீர், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, மிகுந்த பணிவோடு ஒரு யோசனை கேட்டான். அவன் மனைவிக்கு நிறைமாதம்.

“அங்கிள், பிள்ளைய வெச்சுத் தள்ள ஒரு பிராம் வாங்கோணும். கடைக்குப் போனா நூறு சாதி இருக்கு. எது நல்லது எண்டு நீங்கதான் சொல்லோணும்.”

லண்டனுக்கு வந்து இத்தனை வருடத்தில் என்னிடம் யோசனை கேட்ட முதல் மனிதன் இவன்தான். ஊரில் இருக்கும் நீங்கள் நான் இங்கே பெரிய உத்தியோகம் பார்ப்பதாக நம்புவது எனக்குத் தெரியும். அனுப்பிய படத்தில் கழுத்துப்பட்டி கட்டியிருந்தேன் அல்லவா, அதனால் வந்த நம்பிக்கை. உண்மையில் ஒரு பஸ் கராஜின் பண்டகசாலையில் நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படையின் பண்டகசாலையிலும் இதையேதான் எண்ணினேன். வெள்ளைக்காரனின் நட்டை எங்கள் ஊரில் வைத்து எண்ணினால் அடிமைத்தனம். அவன் ஊருக்கே வந்து எண்ணினால் முன்னேற்றம்.

நசீரின் தகப்பன் காசிம் என்னோடு அந்தப் பண்டகசாலையில் வேலை செய்தவர். கிண்ணியாவிலிருந்து தினமும் தோணியில் துறை கடந்து வருவார். அந்தப் பழக்கத்தில்தான் மகன் எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறான்.

“ஏன் தம்பி வாங்குவான்? பின்னாலை கொட்டிலுக்கை எங்கடை ஒண்டு சும்மா கிடக்கு,” என்றாள் என் மனைவி சரோ.

எங்கள் மகள் வாணிக்குப் பதினான்கு வயது. தொலைக்காட்சியிலிருந்து தலையைத் திருப்பாமலே, “அது பிராம் இல்லை. போர்க்கப்பல்,” என்றாள் ஆங்கிலத்தில். நாங்கள் அவளோடு தமிழில் பேசுவோம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். இரு தரப்பும் தத்தம் நிலைப்பாட்டில் உறுதியாக இருப்பதால் பேச்சுவார்த்தை பல வருடங்களாகச் சுமுகமாக நடக்கிறது.

அவள் சொன்னது பொய்யில்லை. பெரிய சக்கரங்கள், இரும்புச் சட்டம், தோல் வார், கறுப்பு மூடி. பிள்ளை படுக்கும் தொட்டில் மேலே தனியாகக் கழலும். தூக்குவதற்கு இரண்டு பக்கமும் கைபிடி. இங்கே அதற்குக் கரிகொட் என்று பெயர். நாங்கள் மேல்பெட்டி என்போம். லிஃப்ட் இல்லாத நகரசபைக் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருந்தபோது இதை வாங்கியவன் நான். லண்டனில் தமிழர்கள் கூடும் கல்யாண வீடுகளில் வேறு கதை ஓடாதபோது ‘சிவத்தின் பிராம்’ என்று என்னுடையதை இன்றைக்கும் உருட்டி எடுப்பார்கள்.

அந்தக் கதையில் ஒரு பகுதி அவர்களுக்குத் தெரியாது. வாணி குழந்தையாக இருந்த காலம் முழுவதும் பிராமைத் தள்ளியது நான், மேல்பெட்டியைத் தூக்கியது சரோ. வாணி படுத்த அந்தப் பெட்டியை நான் ஒருநாள்கூடத் தூக்கியதில்லை. ஏன் என்று சரோவுக்குத் தெரியும், காசிமுக்குத் தெரியும். ஆகவே நசீர் எழும்பி, “அப்ப இப்பவே எடுப்பமா அங்கிள்? ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சாத் தூக்கிரலாம்,” என்றபோது நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“பிள்ளை பிறக்கட்டும் தம்பி. பிறகு வாரும்,” என்றேன்.

காரணம் கேட்காமல் போய்விட்டான். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நேரே சொல்ல எனக்கு வராது. நாலு பேரை நக்கலடித்து, ஒரு சுற்றுப் போய்த்தான் சொல்ல வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

வாணி வயிற்றில் இருந்தபோது அரசாங்கம் ஒரு தாதியை எங்கள் வீட்டுக்கு அனுப்பியது. இங்கே பிள்ளை பெறுவது தாய் என்றாலும் அதற்கான ஆயத்தங்களை மேற்பார்வை செய்வது அரசாங்கம். தாதி குசினியைப் பார்த்தார், குளியலறையைப் பார்த்தார், பிறகு கேட்டார்:

“பிள்ளை எங்கே தூங்கும்?”

சரோ தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் ஏணையை விளக்கினாள். கூரையில் கொளுக்கி, கொளுக்கியில் கயிறு, கயிற்றில் சேலை, சேலைக்குள் பிள்ளை. தாதி கூரையைப் பார்த்தார். சரோவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், இந்தத் திட்டத்தின் சூத்திரதாரி நான்தான் என்பதுபோல. கூரையில் எதையும் அடிப்பதற்கு நகரசபையின் அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சட்டத்தை மதிப்பவன் ஆகையால் நகரசபை அலுவலகத்துக்குப் போனேன். கொளுக்கி எதற்கு என்று அங்கிருந்த இளைஞன் கேட்டான். “குழந்தையைத் தொங்கவிடுவதற்கு,” என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். அவன் பேனையை மூடி வைத்துவிட்டு மேலதிகாரியைக் கூப்பிட்டான். மேலதிகாரி வந்து, என் மனைவி நலமாக இருக்கிறாரா என்று மிக மெதுவாக விசாரித்தார்.

அத்தோடு ஏணை போயிற்று. பிராம் வாங்குவதென்று முடிவாயிற்று.

“போய்ப் பாத்து வைப்பம்,” என்றாள் சரோ. “ஆனா பிள்ளை பிறக்க முன்னம் வீட்டை கொண்டு வரக்கூடாது. இந்த முறை வேண்டாம்.”

இந்த முறை என்று அவள் சொன்னது எங்கள் இருவருக்கும் கேட்டது.

3

முந்திய முறை திருகோணமலையில் நடந்தது.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறியபோது, அதிகாரிகளின் வீடுகளில் மிஞ்சியதெல்லாம் எங்கள் பண்டகசாலைக்கு வந்து சேர்ந்தது. அலுமாரிகள், கால் போன மேசைகள், சத்தம் வராத ஒரு பியானோ. எல்லாவற்றிலும் ‘பாவனைக்கு உதவாதவை’ என்று துண்டு ஒட்டி ஏலத்தில் விட்டார்கள். நாட்டையும் ஏறக்குறைய அப்படித்தான் நம்மிடம் தந்துவிட்டுப் போனார்கள் என்று காசிம் சொல்லுவார்.

அந்தக் குவியலுக்குள் ஒரு பிராம் நின்றது. சாம்பல் நிறம், மெல்லிய கம்பிச் சட்டம், கழற்றக்கூடிய மேல்பெட்டி. ஏலத்தில் கேட்க ஆளில்லை. எங்கள் ஊரில் எந்தப் பெண் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கி வண்டிலில் வைத்து உருட்டப் போகிறாள்? ஆனால் சரோ அப்போது எங்கள் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். நானோ விஞ்ஞான நோக்கு உள்ளவன். அதாவது, பண்டகசாலையில் கிடந்த பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளை வாசிப்பவன். வாங்கிவிட்டேன்.

காசிமும் நானும் துறைமுக வாசலிலிருந்து எங்கள் வீடு இருந்த மடத்தடிக்கு அதைத் தள்ளிக்கொண்டு வந்தோம். தார் வீதியில் ராசா மாதிரி வந்த பிராம் எங்கள் ஒழுங்கை மணலைக் கண்டதும் படுத்துவிட்டது. காசிம் முன்னால் கயிறு கட்டி இழுத்தார்.

“இதுல பிள்ளையக் கொண்டு போறதெண்டா மச்சான், முதல்ல ஒரு மாடு வாங்கோணும்.”

ஒழுங்கைச் சனமெல்லாம் கூடிவிட்டது. பக்கத்து வீட்டு மனோன்மணியக்கா மட்டும் சிரிக்கவில்லை.

“பிள்ளை பிறக்க முன்னம் தொட்டில் வாசல் தாண்டக்கூடாது தம்பி. கொண்டு வந்திட்டீர், சரி, அதை வெறுமையா விடாதையும். அம்மிக்குழவியைக் கழுவி ஒரு சீலையிலை சுத்திப் போடும். முதல்லை அது படுக்கட்டும்.”

எங்கள் பக்கத்தில் புது ஏணை கட்டினாலும் அப்படித்தான். முதலில் கல் படுக்கும், பிறகுதான் பிள்ளை. பிள்ளை கல்லுப்போல் கனத்து வளர வேண்டும் என்பதற்காக. நான் அக்காவுக்கு விஞ்ஞானம் விளக்கினேன். ஸ்பிரிங் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவதற்காக வெறும் பிராமை எல்லார் முன்னிலையிலும் நன்றாக ஆட்டிக் காட்டினேன். ஒரு ஆடு கூட நின்று பார்த்தது. இங்கிலாந்தில் பிள்ளைகள் இதில்தான் வளர்கிறார்கள் என்று வேறு சொன்னேன். இங்கிலாந்தை நான் அப்போது கண்டதே இல்லை.

மகன் ஆஸ்பத்திரியில் பிறந்தான். அழவில்லை. இதில் நக்கலடிக்க எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

சரோ மயக்கத்தில் இருந்தாள். அவனை அவள் பார்க்கவேயில்லை. பொழுது சாய்வதற்குள் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். பெட்டி செய்விக்க நேரம் இருக்கவில்லை. யாரோ வீட்டுக்கு ஓடிப்போய், பிராமிலிருந்து மேல்பெட்டியைக் கழற்றி எடுத்து வந்தார்கள். பிள்ளையை அதில் கிடத்தித் தந்தார்கள். நான் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அது பாரமாகவே இல்லை. உள்ளே பிள்ளை இருக்கிறதா என்று நின்று பார்த்தேன், அவ்வளவு பாரமில்லாமல் இருந்தது. வாசலில் காசிம் நின்றார்.

“மற்றப் பக்கத்த நான் பிடிக்கிறன்,” என்றார்.

“பாரமில்லை, காசிம்.”

“தெரியும். எண்டாலும் பிடிக்கிறன்.”

கடற்கரைப் பக்கத்துச் சுடலை வரைக்கும் ஆளுக்கு ஒரு கைபிடியாகப் போனோம். மேல்பெட்டியோடேயே மணலுக்குள் வைத்துவிட்டு வந்தோம்.

சட்டமும் சக்கரங்களும் எங்கள் வாசலில் நின்றன. சரோ ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன் காசிம் அதைத் தள்ளிக்கொண்டு போய்க் கிண்ணியாவுக்குத் துறை கடத்திவிட்டார். மனோன்மணியக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். ஒரு வண்டில் வாசலைத் தாண்டியதால் பிள்ளை சாகாது என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதைச் சத்தமாகச் சொல்ல அதற்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை.

பிறகு சில வருடங்களில் அரசாங்கம் என்னைச் சிங்களப் பரீட்சைக்குக் கூப்பிட்டது. தேறாவிட்டால் சம்பள உயர்வு இல்லை. நட்டுக்கும் போல்ட்டுக்கும் சிங்களத்தில் என்ன பெயர் என்று தெரியாததால் அவற்றை எண்ணும் தகுதியை இழந்தேன். லண்டனில் அந்த எண்ணிக்கைக்கு ஆள் தேவைப்பட்டது. ஊரை விட்டு வருவதற்குச் சொல்லக்கூடிய காரணம் ஒன்றை அரசாங்கமே தந்தது. அந்த வகையில் அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

4

பிராம் கடை அம்மையார் முத்துமாலை போட்டு, தலைமயிரை உருட்டி வைத்திருந்தார். துறைமுகத்தில் கற்ற ஆங்கிலத்தில், “பாவனைக்கு உகந்த பிராம் ஒன்று, சகல உபகரணங்களுடனும்,” என்று கேட்டேன். ஒரு கணம் திகைத்தாலும், நல்ல விற்பனையாளர் ஆகையால் சமாளித்துக்கொண்டு முதல் பிராமை உருட்டி வந்தார்.

“புத்தம் புதிய வகை. சட்டம் முழுவதும் அலுமினியம். மிகவும் இலேசானது.”

“இதைவிடப் பாரமானது இருக்கிறதா?”

அடுத்ததும் இலேசானது என்றார். அதற்கடுத்தது காற்றைப்போல இருக்கும் என்றார். ஒவ்வொன்றுக்கும் நான் அதே கேள்வியைக் கேட்டேன்.

“ஐயா எந்த மாடியில் குடியிருக்கிறீர்கள்?”

“மூன்றாம் மாடி.”

“லிஃப்ட் இருக்கிறதா?”

“இல்லை.”

அம்மையார் சரோவை அனுதாபத்தோடு பார்த்தார். சரோ ஒரு கையில் உருளைக்கிழங்குப் பையோடும் மறு கையை வயிற்றில் வைத்தும் நின்றாள். வரும் வழியில் அவளுக்கு மலிவாகக் கிழங்கு கிடைத்திருந்தது. எவ்வளவு பெரிய விஷயத்துக்குப் புறப்பட்டாலும் சரோவுக்கு வழியில் கிழங்கு மலிவாகக் கிடைக்கும்.

கடைசியில் அம்மையார் கண்ணாடி யன்னலுக்குள் அலங்காரத்துக்கு வைத்திருந்த அந்தப் போர்க்கப்பலைக் காட்டினார். பெரிய தோட்டம் உள்ள வீடுகளில் பிள்ளையை மரநிழலில் கிடத்துவதற்கு வாங்குவார்கள் என்றும், தள்ளுவதற்கு ஆயா இருப்பாள் என்றும் எச்சரித்தார்.

“இதையே தாருங்கள்,” என்றேன்.

அப்போதுதான் அவர் அதன் மேல்பெட்டியைக் கழற்றினார். இரண்டு கைபிடியையும் ஒன்றாகச் சேர்த்து என் கைக்கு நீட்டினார். “இது மட்டும் இலேசுதான். பிடித்துப் பாருங்கள்.”

நான் பிடிக்கவில்லை. பொம்மைகள் விற்கும் பக்கமாக நடந்து போய், ஒரு மரக்குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் அம்மையாரின் குரல் கேட்டது. “அம்மா, அது உருளைக்கிழங்கு.” “தெரியும்,” என்றாள் சரோ.

திரும்பிப் பார்த்தேன். வெள்ளை விரிப்புப் போட்ட மேல்பெட்டிக்குள் சரோ தன் கிழங்குப் பையைத் தோளில் போட்டிருந்த சால்வையில் சுற்றிக் கிடத்தியிருந்தாள்.

“இஞ்சாருங்கோ. அம்மிக்குழவிக்கு இப்ப நான் எங்கை போறது? இதுதான் குழவி. இப்ப வந்து தூக்கிப் பாருங்கோ.”

“எனக்கு ஏலாது, சரோ.”

“அண்டைக்கு நான் காணேல்லை. நீங்கள் கண்டனீங்கள்,” என்றாள். “ஏலாட்டி விடுங்கோ. நீங்கள் தள்ளுங்கோ, இதை நான் தூக்கிறன்.”

அந்த நாளைப் பற்றி அவள் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை. பிராம் கடையில் நின்று ஒரு மனிதன் அழுவது இங்கே நாகரிகம் இல்லை என்று தெரிந்தும் அழுதேன். அம்மையார், விலையைக் கேட்டுத்தான் அழுகிறேன் என்று நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

வீட்டு விலாசத்தைக் கொடுத்தபோது அவர் குரலைத் தாழ்த்தினார். “பிள்ளை பிறந்த பிறகுதான் அனுப்பி வைப்போம். அதற்கு முன் பிராம் வீட்டுக்குள் போவது நல்லதில்லை. எங்கள் எல்லா வாடிக்கையாளர்களும் அப்படித்தான்.”

நூற்றைம்பது வருடத்துக்கு மேல் எங்கள் துறைமுகத்தில் குந்தியிருந்தார்கள். கிரிக்கெட் சொல்லித் தந்தார்கள், வரிசையில் நிற்கச் சொல்லித் தந்தார்கள், நாலு மணிக்குத் தேத்தண்ணி குடிக்கச் சொல்லித் தந்தார்கள். எங்களுக்கு மூடநம்பிக்கை அதிகம் என்று புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் பிராமோடு சேர்த்து ஏலத்தில் விட மறந்துவிட்டார்கள். மனோன்மணியக்காவுக்கு ஒரு முத்துமாலையைப் போட்டுவிட்டால் அந்தக் கடையில் அப்படியே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாணி பிறந்தபோது ஆஸ்பத்திரி அதிரக் கத்தினாள். அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. இப்போது அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கேட்கும் பாட்டுகளும் அதே வகையைச் சேர்ந்தவைதான்.

மூன்று மாடிப் படியிலும் சரோ பிள்ளையோடு மேல்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள். நான் கையை வீசிக்கொண்டு பின்னால் ஏறுவேன். கீழ்வீட்டு அயர்லாந்துக்காரி ஒருநாள் என் முகத்துக்கு நேரே, உங்கள் ஊரில் ஆண்கள் எல்லாரும் மகாராசாக்களா என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். விளக்குவதைவிட மகாராசாவாக இருப்பது சுலபமாக இருந்தது.

5

நசீருக்கு மகன் பிறந்தான். போன சனிக்கிழமை யாரிடமோ இரவல் வாங்கிய வானில் வந்து இறங்கினான்.

கொட்டிலுக்குள் போய்ச் சாக்கை விலக்கியவன், மேல்பெட்டியைப் பார்க்கவில்லை. குனிந்து ஸ்பிரிங்கைத் தடவிப் பார்த்தான்.

“எங்கட ஊட்டுலயும் இப்படி ஸ்பிரிங் வெச்ச சட்டம் ஒண்டு இருந்திச்சு அங்கிள். வாப்பா அதுக்கு மேல பலகை அடிச்சு வெச்சிருந்தார். நான்தான் அதுல தண்ணி கொண்டு வாறது. ‘இதுட மேல்பெட்டி எங்க, வாப்பா?’ எண்டு கேட்டா மட்டும் கதைக்கவே மாட்டார்.”

சரோ குசினியிலிருந்து வந்தாள். கையில் பழைய சேலையில் சுற்றிய உருளைக்கிழங்குப் பை. அதை மேல்பெட்டிக்குள் கிடத்தினாள்.

“என்ன ஆன்ரி இது?”

“முதல்லை இது படுக்கட்டும் தம்பி. வீட்டை போன பிறகு எடுத்துச் சமையுங்கோ.”

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான், வயசானவர்களோடு என்ன செய்வது என்ற சிரிப்பு. அதற்கு ஒரு நக்கலான பதில் என்னிடம் ஆயத்தமாக இருந்தது. வாயைத் திறந்தால் வேறு வந்தது.

“நீர் கேட்ட அந்த மேல்பெட்டி ஊரிலை இருக்கு, தம்பி. எங்கடை மூத்த மகன் அதிலைதான் படுத்திருக்கிறான். பிறந்த அண்டைக்கே போனவன். அதைச் சுடலைக்குக் கொண்டு போகேக்கை மற்றப் பக்கம் பிடிச்சவர் உம்மடை வாப்பா.”

கொட்டில் வாசலில் அசைவு கேட்டுத் திரும்பினேன். வாணி நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

“எனக்கு ஒரு அண்ணா இருந்தவரா?” என்றாள். தமிழில் கேட்டாள்.

“ஓம்,” என்றாள் சரோ.

வாணி உள்ளே வந்து தாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். நசீர் குனிந்து, தகப்பனைப் போலவே மேல்பெட்டியின் ஒரு பக்கத்துக் கைபிடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

நான் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன். தூக்கினோம். கிழங்கும் பலகையும் பழைய தோலுமாகக் கையைக் கீழே இழுத்தது. வான் வரைக்கும் போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

“சரியான பாரம், அங்கிள்,” என்றான் நசீர்.

“ஓம் தம்பி,” என்றேன். “பாரமாத்தான் இருக்கு.”